பாத்தித் தண்ணீரில் பிறைச் சூரியன்

மரக்காணம் உப்பளத்தில் அவளிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு யாரும் சுலபமாக நகர்ந்துவிட முடியாது. இன்னார் மகள் இன்னாரோடு போய்விட்டாள், பக்கத்துப் பாத்திக்காரர் புது மோட்டார் இறக்கியிருக்கிறார், அடுத்த வாரம் புயல். எது வந்தாலும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. சொன்னாங்க."

"அப்ப சொன்னாங்கன்னு சொல்லு."

கோபமெல்லாம் கிடையாது. சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவதைப் போலச் சொல்வாள். சொன்னவர் சொன்னதைத் திருத்திச் சொல்லும்வரை அங்கேயே நிற்பாள். பிறகு சுமையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

நான் அப்போது உப்பளத்தை ஒட்டிய இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் இறால். இரண்டு பிழைப்பும் நிலாவைப் பார்த்து நடக்கிறவை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி வரும். நாங்கள் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொள்வோம். அவர்கள் கழிமுகத்து வாய்க்காலில் மடையைத் திறந்து வைப்பார்கள். பிரம்மதேசம் பக்கமிருந்து குட்டியானை வண்டியில் வந்து இறங்கும் பெண்களுக்கு அவள்தான் தலை. யார் எந்தப் பாத்தியில் வாருவது, எந்த உப்பு விளைந்தது, எது இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்பதெல்லாம் அவள் வாக்கு. வண்டியில் டிரைவர் பக்கத்து இருக்கை அவளுடையது. எல்லோருக்கும் அக்கா. என் வயதுதான் இருக்கும், எனக்கும் அக்கா.

ஒருமுறை கரையில் திமிங்கலம் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. பெண்கள் அதன் கண் எவ்வளவு பெரியது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள். அக்கா மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டு மணலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஃபைபர் போட்டு. கவுந்து கெடக்குது."

"கண்ணு?" என்றாள் ஒருத்தி.

"போட்டுக்குக் கண்ணு ஏதுடி? பேரு எழுதியிருக்குது."

அன்று முழுவதும் யாருக்கும் பேச விஷயம் இல்லாமல் போனது. அவளோடு வேலை செய்வதில் அந்தச் சங்கடம் உண்டு. உலகம் கொஞ்சம் சுருங்கிவிடும். சுருங்கியது என்னவோ உறுதியாக இருக்கும்.

இவ்வளவு பார்க்கிறவள் வானத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்ததில்லை. உப்பு வாருகிறவர்கள் யாருமே பார்ப்பதில்லை. குனிந்தபடியே பாத்தித் தண்ணீரில் மேகத்தைப் படித்துவிடுவார்கள். தென்மேற்கில் கறுப்பு ஏறுகிறதா, கொக்கு எந்தப் பக்கம் போகிறது, பொழுது எவ்வளவு ஆச்சு, எல்லாம் காலடியில் கிடக்கும். "நிமிந்து நிமிந்து பாத்தா இடுப்பு என்னாவறது சார்? அதான் வானம் கீழயே இருக்குதே" என்றாள் ஒருநாள். நான் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். அவளுக்கு அது ஒரு வேலை முறை, அவ்வளவுதான்.

*

அந்த ஆண்டுச் சூரிய கிரகணம் சுனாமி நினைவு நாளில் வந்தது. அமாவாசைக் காலை. அதற்கு ஒரு மாதம் முன்பே உப்பளத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, சோற்றில் தர்ப்பை போடவேண்டும், அந்த நேரத்தில் உலக்கை தானாக நிற்கும். அக்கா ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை தன் வீட்டு உலக்கையை நிறுத்திப் பார்த்தாள். நின்றது. மறுநாள் வண்டியில் சொன்னாள்: "இன்னிக்கும் நிக்குது. நாளைக்கும் நிக்கும்."

வேலியோரம் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டாள், கிரகணம் என்றால் என்ன என்று. தெரிந்ததைச் சொன்னேன். சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்பதுதான். நடுவில் நிலா நின்றால் சூரியன் மறையும். அது அமாவாசையில் மட்டும் நடக்கும். நடுவில் பூமி நின்றால் நிலா மறையும். அது பௌர்ணமியில் மட்டும். நிலா சின்னது. சூரியன் அதைப்போல நானூறு மடங்கு அகலம், ஆனால் ஏறக்குறைய நானூறு மடங்கு தொலைவிலும் இருக்கிறது. கண்ணுக்கு நேரே கட்டைவிரலை நீட்டினால் தூரத்தில் நிற்கும் உப்பு லாரி மறைந்துவிடும் இல்லையா, அப்படி. நிலா சற்று எட்டப் போயிருக்கும் நாளில் முழுக்க மூட அதற்கு அகலம் போதாது. சுற்றிலும் வளையம் மிஞ்சும். இந்த முறை தெற்கே வளையம், நமக்குப் பிறை.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"அமாவாசைக்கு அமாவாசை நிலா நடுவுல வருதுன்றீங்க. அப்ப மாசா மாசம் கிரகணம் வரணுமே சார். வரலியே."

எத்தனையோ பேரிடம் இதை விளக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் யாரும் நிறுத்தியதில்லை. உப்பளத்து வரப்புகளைக் காட்டினேன். நிலா நடக்கிற வரப்பு சாய்ந்தது, ஐந்து பாகை அளவுக்கு. பெரும்பாலான அமாவாசைகளில் அது சூரியனுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது; நிழல் பூமியைத் தொடாமல் வெளியில் வீணாகிறது. இரண்டு வரப்பும் வெட்டிக்கொள்வது இரண்டே மூலையில். அமாவாசையும் அந்த மூலையும் சேர்ந்து வந்தால்தான் கிரகணம். அந்த மூலைகளுக்குத்தான் பஞ்சாங்கக்காரர் ராகு, கேது என்று பேர் வைத்திருக்கிறார்.

"அந்த மூலைய நீங்க பாத்தீங்களா சார்?"

"இல்லக்கா. படிச்சேன்."

"அப்ப படிச்சேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கறுப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. நேராகப் பார்த்தால் கண் போகும் என்று ஊரும் சொன்னது, வாத்தியார்களும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஊர் சொன்ன காரணம் பாம்பு. பாம்பு இல்லை என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. "வெறும் நெழலுன்னு ஆயிப்போச்சு. நெழல பாக்கறதுக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று சிரித்தாள். அதற்கும் பதில் சொன்னேன்: கெடுப்பது நிழல் இல்லை, மூடியது போக மிச்சமிருக்கும் சூரியன். ஒரு கீற்று மிஞ்சினாலும் அது அதே சூரியன்தான், அதே சூடுதான். வெளிச்சம் மங்கிப் போவதால் கண் கூசாது; கூசாததால் இமை மூடாது. உள்ளே சுட்டால் வலியும் தெரியாது.

தலையாட்டினாள். நான் படித்ததைத்தான் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

*

கிரகணத்தன்று பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. மீனவர் குப்பத்தில் விடியற்காலையிலேயே சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பாலை ஊற்றிவிட்டு, கரையில் இருந்த நாலைந்து பேரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அக்கா மட்டும் வந்தாள். மழை முடிந்து, சேறு மிதித்து, பாத்திகளுக்கு முதல் உப்புத்தண்ணீர் விடுகிற அமாவாசை அது. கடல் யாருக்காகவும் காத்திருக்காது. மடையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வாட்ச்மேனும் அவளும்தான் இருந்தார்கள். வாட்ச்மேன் பாத்தி நடுவில் இருக்கும் குடிசையில் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவன், கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் பண்ணையில் இருந்தேன். வெயில் கிழடுதட்டியது போல ஆனதும், என் நிழலின் ஓரம் பிளேடால் வெட்டியது போலக் கூர்மையானதும் நினைவிருக்கிறது. காற்று கொஞ்சம் குளிர்ந்தது. தூரத்தில், ஈயம் காய்ச்சி ஊற்றியது போலக் கிடந்த பாத்திகளுக்கு நடுவே, வரப்பின்மேல் தலைகுனிந்து அவள் நின்றிருந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை, நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வழியில், தண்ணீரில். பின்னால் அவளே சொல்லக் கேட்டது இது. பாத்தியில் பிறை கிடந்தது. வரப்பில் நடந்தால் பாத்தி விட்டுப் பாத்தி தாவிக் கூடவே வந்தது. நின்றால் நின்றது. கடித்த இடம் நகர்கிறது என்கிறார்களே, நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நின்று பார்த்தாள். தெரியவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தாள். நடுவில் இரண்டு மூன்று தடவை மேலேயும் பார்த்தாள். கீழே கிடப்பதும் மேலே இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டுமே. ஒன்றுதான்.

கண் கூசவில்லை. வலிக்கவில்லை.

வேலை நாளில் நிமிராத பெண். நிமிரக்கூடாத ஒரு காலையில் நிமிர்ந்தாள்.

*

அதற்குப் பிறகு அவளிடம் வந்த மாற்றங்களை நான் வேறு விதமாகப் படித்தேன். பேசும்போது என் காதைத் தாண்டி எதையோ பார்ப்பாள். தோளில் பூச்சி ஏதும் உட்கார்ந்திருக்கிறதோ என்று நான் தட்டிக்கொள்வேன். போனை வாங்கிப் படம் பார்ப்பதை நிறுத்தினாள். யாராவது செய்தி சொன்னால் "உம்" என்று கேட்டுக்கொண்டாள். வயசாகிறது, கொஞ்சம் மென்மையாகிவிட்டாள் என்றார்கள் பெண்கள். அவள் தனியாகப் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்ததோ, கண்ணுக்குள் நடுவில் தழும்பாகிவிட்டது, ஓரப் பார்வையை வைத்துக்கொண்டு பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் சொன்னதோ யாருக்கும் தெரியாது. நேராகப் பார்த்தால் பார்க்கிற இடம் மட்டும் இருக்காது. சுற்றிலும் எல்லாம் இருக்கும்.

உப்பு விளைந்ததைக் கையால் தேய்த்துச் சொன்னாள். ஆட்களைக் குரலால் அறிந்தாள். இரண்டு கோடை ஓடிவிட்டது.

மூன்றாவது கோடையில் எதிர்பாராத மழை ஒன்று பெய்து நின்றது. மேல் பாத்திகள் பக்கத்து முதலாளியுடையவை. அங்கே மழைத்தண்ணீர் முழங்கால் வரை தேங்கியது. கீழே, அக்காவின் ஆட்கள் வேலை செய்யும் பாத்திகளில் விழுந்ததை அப்போதே வடித்துவிட்டிருந்தார்கள். வார வேண்டிய உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் யாரோ ஒருவன் நடு வரப்பை வெட்டிவிட்டான். மேல் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கியது. சாயங்காலத்துக்குள் உப்பு கரைந்து வெறும் தண்ணீர்.

அந்த நேரத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தது அக்கா ஒருத்திதான். அக்காவின் முதலாளி வந்தார். அறுபது வயது, உப்பிலேயே வளர்ந்தவர், கத்தாத மனிதர்.

"நீ இருந்தியாமே. யாரு?"

"ஒரு ஆளு வந்தான் சார். மம்முட்டி வச்சிருந்தான். குனிஞ்சி வெட்டினான். அடைப்ப சரி பண்றான்னு நெனச்சேன்."

"யாருன்னு கேட்டேன்."

"மூஞ்சி தெரியல."

முதலாளி வரப்பையும் கொட்டகையையும் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"பட்டப்பகல்ல, இங்கேருந்து, உனக்குத் தெரியல."

"தெரியல சார்."

மற்ற எவள் சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சொன்னது இவள். பார்த்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுகிறவள் முதன்முறையாக மழுப்புகிறாள் என்றால், காப்பாற்ற வேண்டிய ஆள் யாரோ இருக்கிறான் என்று முதலாளி முடிவு செய்தார். அவளுக்கு வேண்டியவன், உள் ஆள், மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போகக்கூடியவன். அப்படியானால் வாட்ச்மேன்தான், பக்கத்து முதலாளியிடம் காசு வாங்கிவிட்டான். அவள் வாய் திறக்காததே சாட்சி.

"மாசக் கடைசிக்குள்ள குடிசைய காலி பண்ணிட்டு போய்க்கிட்டே இருப்பா" என்றார் அவனிடம்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் சார், கொழந்தைக்கு…"

"அவ உன்ன பாக்கலன்னு சொல்லட்டும். சொல்ல மாட்டேன்றாளே."

உண்மைதான். அவளால் அதையும் சொல்ல முடியாது. யாரையும் பார்க்காதவள், அவனைப் பார்க்கவில்லை என்று எப்படி உறுதி சொல்வாள்? வேறொருத்தியாக இருந்தால் "அவன் இல்ல சார்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போயிருப்பாள்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. வாட்ச்மேனின் பெண்டாட்டி குடிசை வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். பெண்கள் வண்டியில் ஒருவருக்கொருவர் குசுகுசுத்தார்கள். அக்கா எதை எடை போட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது யூகிக்க முடிகிறது. கண் போய்விட்டது என்று சொன்னால் தலைமை போகும். அதைவிட, கிரகணத்தைப் பார்த்தால் கண் போகும் என்று சொன்ன ஊர் ஜெயித்துவிடும். பாம்பு ஜெயித்துவிடும்.

மூன்றாம் நாள் உப்புக் குவியல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு முன்னால் போய் நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"சார், உங்கள இப்ப நேரா பாக்கறேன். சட்டப் பை இருக்குது, பையில பேனா இருக்குது. தல இல்ல."

பின்னால் ஒருத்தி அடக்க முடியாமல் சொன்னாள்: "அது இன்னிக்குத்தான் தெரிஞ்சிதாக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். முதலாளிகூட லேசாக. அக்கா சிரிக்கவில்லை; கிரகணத்தன்று தண்ணீரில் பார்த்ததை, மேலே பார்த்ததை, டாக்டர் சொன்னதை, வரிசையாகச் சொன்னாள். சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. தலையில் துண்டு கட்டிய நான்கு ஆண்களை வெட்டப்பட்ட வரப்பின்மேல் போய் நிற்கச் சொன்னார்.

"இதுல வாட்ச்மேன் எவன்?"

அக்கா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். வெயில் வரப்பில் தளும்பிக்கொண்டிருந்தது.

"தெரியல."

"குத்துமதிப்பா சொல்லு."

"குத்துமதிப்பா சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே சார்."

வாட்ச்மேன் அந்த நான்கு பேரில் இல்லை. முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால், வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தான். முதலாளி அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "போயி சாக்க அவுக்கச் சொல்லு" என்றார்.

வரப்பை வெட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் டிரைவர் பக்கத்து இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். கூடையில் உப்பைத் தலைச்சுமையாகத் தூக்கும் வேலை மட்டும். அதற்குக் கால் தெரிந்தால் போதும். ஊர் எதிர்பார்த்தபடியே சொன்னது. "சொன்னா கேட்டாளா? ராகு சும்மா விடுவானா?" அவள் மறுக்கவில்லை. அவளைப் பார்த்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள்.

வாட்ச்மேன் நன்றி சொல்லவில்லை. "ரெண்டு நாளு திருடன்னு இருந்தேன். உனக்குக் கண்ணுதானே இல்ல, வாயுமா இல்ல?" என்று கேட்டான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

*

அந்த ஆண்டு ஐப்பசிப் பௌர்ணமியில் சந்திர கிரகணம். நிலா எழும்போதே கிரகணத்தோடு எழும் என்றார்கள். இதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். வேலை முடிந்து கரைக்கு வந்து உட்கார்ந்தாள். வாட்ச்மேனும் வந்திருந்தான். சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு.

மழை விட்டிருந்தது. எழ வேண்டிய நேரத்துக்கு எதுவும் எழவில்லை. மேல் பாதி நிழலுக்குள் இருந்ததால் அது கடலை விட்டு வந்ததே தெரியவில்லை. பிறகு, அடிவானத்துக்குச் சற்று மேலே, கீழ் பாதி மட்டும் மெல்ல வெளுத்தது.

"இப்ப நடுவுல யாரு சார்?"

"பூமி. சூரியன் நமக்குப் பின்னால மேற்கால இறங்கிடுச்சு. நிலா முன்னால. அது மேல விழுந்திருக்கறது பூமியோட நெழலு."

"நம்ம நெழலா?"

"நாமளும் அதுல இருக்கோம்ல."

கையை உயர்த்தி ஆட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் நிலாவுக்கு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் பார்த்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமானது. நிலாவில் ஓர் இடம் இல்லை. அவள் பார்வையிலும் ஓர் இடம் இல்லை. எது எதனுடையது என்று அவளுக்குப் பிரிக்க முடியவில்லை.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"நீங்க இருங்க சார். நீங்க படிச்சத சொல்வீங்க" என்றாள். பிறகு, கடலைப் பார்த்தபடியே, "ஏம்பா. நீ பாத்து சொல்லு."

வாட்ச்மேன் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தான்.

"மேல பாதி இல்ல" என்றான். "கீழ இருக்குது. சட்டி மாதிரி."

"மேலயா?"

"மேல."

அவள் தலையாட்டினாள். அவன் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். இப்போது முக்கால் வந்துவிட்டது என்றான். இப்போது மேலே ஓரம் மட்டும் அழுக்காக இருக்கிறது என்றான். அவள் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல, காதை அவன் பக்கம் கொடுத்துவிட்டுக் கடலின்மேல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசாயிடுச்சிக்கா. அவ்ளோதான்."

"எனக்கு இன்னும் ஒரு எடம் இல்லப்பா."

"அது உன்னுது" என்றான்.